சைக்கிள் முன்விளக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடியலுக்கு முன்னால் பால், பேப்பர் போடக் கிளம்புகிறவர்கள், இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர்கள், இருட்டோடு ஈ.சி.ஆர். பக்கம் பயிற்சிக்குப் போகிறவர்கள், டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளின் பெற்றோர் என்று யார் கேட்டாலும் முன்விளக்கைப் பற்றிய சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டது கேட்டபடி இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

1. தெருவிளக்குதான் வழி முழுக்க எரியுதே, சைக்கிளுக்கு எதுக்குத் தனியா லைட்டு?

சைக்கிள் விளக்குக்கு இரண்டு வேலை. உங்களுக்கு வழியைக் காட்டுவது ஒன்று. நீங்கள் வருவதை மற்றவர்களுக்குக் காட்டுவது இன்னொன்று. தெருவிளக்கு முதல் வேலையை ஓரளவு செய்துவிடும். இரண்டாவதைச் செய்யாது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிழல் விழும் இடத்தில் கறுப்புச் சட்டையோடு வரும் சைக்கிள், லாரியை முந்திக்கொண்டு எதிரே வரும் பைக்காரர் கண்ணில் படவே படாது. சந்திலிருந்து வண்டியைத் திருப்புகிறவரும் விளக்கு ஏதாவது தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். தெரியவில்லை என்றால் திருப்பிவிடுவார்.

விளக்கு வாங்கும் முன் உங்களுக்கு இவற்றில் எது தேவை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்குச் சின்ன விளக்கே போதும். கம்பமே இல்லாத சாலையில் ஓட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

2. சரி, எத்தனை லூமன் வாங்கணும்?

வழி நெடுகத் தெருவிளக்கு எரியும் ஊருக்குள் 100 முதல் 200 லூமன் (விளக்கு தரும் ஒளியின் அளவு) போதும். பாதி விளக்கு எரியாத புறநகர்ச் சாலை என்றால் 300 முதல் 400. விளக்கே இல்லாத கிராமச் சாலையிலோ நெடுஞ்சாலையிலோ மணிக்கு 20–25 கிலோமீட்டர் வேகத்தில் போக, ஒளியைச் சாலை மேல் ஒழுங்காக விழச் செய்யும் விளக்காக இருந்தால் 400 முதல் 600 போதும். 800, 1000 எல்லாம் மலைப்பாதையில் இறங்குகிறவர்களுக்கும், இருட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுகிறவர்களுக்கும்தான்.

“ஒழுங்காக விழச் செய்யும்” என்று சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. அடுத்த பதில் அதைப் பற்றியது.

3. நண்பனோட லைட்டு 1000 லூமன், என்னோடது 400. ஆனா என்னோடதுலதான் ரோடு நல்லாத் தெரியுது. எப்படி?

விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளிதான் லூமன். அது எங்கே போகிறது என்று அந்த எண் சொல்லாது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். டார்ச் மாதிரி வட்டமாக ஒளி வீசும் விளக்கில் கணிசமான பங்கு புளிய மரக் கிளைக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும் போய்விடும். ஒளியை மடக்கிச் சாலைக்குள்ளேயே விரிக்கும் கண்ணாடி உள்ள விளக்கு, பாதி லூமனிலேயே இரண்டு மடங்கு பயன் தரும். உங்கள் விளக்கு அந்த வகையாகத்தான் இருக்கும்.

இந்த வகைக்கு ஜெர்மனியின் சாலைச் சட்டத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சைக்கிள் முன்விளக்கு 10 மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் தர வேண்டும், எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் அந்த விளக்குகளின் ஒளிக்கு மேல்பக்கம் கத்தியால் வெட்டினாற்போல் ஒரு விளிம்பு இருக்கும், காரின் லோ பீம் போல. அங்கே அனுமதி பெற்ற விளக்கின் உடம்பில் நெளிகோடும் ஆங்கில ‘கே’ எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். பெட்டியில் லூமனைவிட லக்ஸைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள்.

லக்ஸ் எண்ணைப் படிக்க ஒரு கணக்கு தெரிந்தால் போதும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். 10 மீட்டரில் 40 லக்ஸ் தரும் விளக்கு 20 மீட்டரில் 10 லக்ஸ்தான் தரும். 40 மீட்டரில் இரண்டரை.

4. எவ்வளவு தூரம் வரைக்கும் தெரிஞ்சாப் போதும்?

பள்ளத்தைப் பார்த்த இடத்துக்கும் சைக்கிள் நிற்கும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் ஓடுகிறதோ, அதைவிடக் கூடுதலாகத் தெரிய வேண்டும். கண் பார்த்து, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். அதோடு பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமும் சேர்ந்தால், காய்ந்த தார்ச் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 9 மீட்டர் ஆகும். 20 கிலோமீட்டரில் 13 அல்லது 14, 25-இல் 18 முதல் 19, 30-இல் 24 மீட்டர்.

மழையில் நனைந்த இரும்பு ரிம்மும் கம்பி பிரேக்கும் உள்ள சைக்கிளுக்கு இன்னும் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை, திருப்பத்தில் சேர்ந்து கிடக்கும் மணல், நடுரோட்டில் படுத்திருக்கும் கறுத்த மாடு ஆகிய மூன்றும் பத்து மீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரிகின்றன என்றால், உங்கள் விளக்குக்கு ஏற்ற வேகம் 15 கிலோமீட்டர்தான். விளக்கு சின்னது என்றால் வேகத்தைக் குறையுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

5. பெட்டியில 5000 லூமன், 9900 எம்.ஏ.எச். பேட்டரின்னு போட்டிருக்கு. விலை நானூறு ரூபாதான். வாங்கலாமா?

அந்த இரண்டு எண்களும் பொய். எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் ஏமாற மாட்டீர்கள்.

இந்த விளக்குகளில் இருப்பது பெரும்பாலும் 18650 என்னும் லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். எம்.ஏ.எச். என்பது பேட்டரியின் கொள்ளளவு. அந்த அளவுக்குள் நல்ல நிறுவனங்களே அடைத்திருப்பது சுமார் 3500 எம்.ஏ.எச். வரைதான். 9900 என்று அச்சிட்ட செல்லில் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும். 30 கிராமுக்குக் கீழே என்றால் உறைக்குள் சரக்கு இல்லை என்று அர்த்தம்.

இனி லூமன் கணக்கு. 3500 எம்.ஏ.எச். செல்லை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 12.6 வாட்-மணி. கண்ணாடியிலும் சர்க்யூட்டிலும் இழப்பது போக, ஒரு வாட்டுக்கு 80 முதல் 100 லூமன்தான் வெளியே வரும். ஆக, நல்ல செல் ஒன்று 1000 லூமனை ஒரு மணி நேரம் தரும். 400 லூமனை இரண்டரை முதல் மூன்று மணி நேரம். 200 லூமனை ஐந்து, ஆறு மணி நேரம். ஒரே செல்லில் ‘1000 லூமன், 6 மணி நேரம்’ என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொய். 5000 லூமன் வேண்டுமென்றால் 50 வாட் செலவாகும். ரேடியோ மெக்கானிக் கையில் இருக்கும் சாலிடரிங் அயர்ன் 25 வாட். அதைப்போல இரண்டு பங்கு மின்சாரம் உள்ளங்கை அளவு விளக்குக்குள் போனால் கையில் பிடிக்க முடியுமா?

6. ஆறு மணி நேரம் எரியும்னு போட்டிருந்தான். ரெண்டு மணி நேரத்துலயே மங்கிடுது. லைட்டு ரிப்பேரா?

ரிப்பேராக இல்லாமலும் இருக்கலாம். முதலில், ஆறு மணி நேரம் என்பது எந்த மோடுக்கு என்று பெட்டியின் பின்புறம் பாருங்கள். பெரும்பாலும் ‘லோ’ மோடுக்கான நேரத்தையும் ‘ஹை’ மோடுக்கான லூமனையும் முன்பக்கம் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

இரண்டாவது, அளக்கும் முறை. டார்ச்சுகளுக்கென்று எஃப்.எல்.1 என்று ஒரு தர அளவை இருக்கிறது. அதன்படி, ஏற்றி 30 விநாடி கழிந்தபோது இருந்த ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்குமான நேரமே எரியும் நேரம். அதாவது 600 லூமன் விளக்கு 60 லூமனுக்கு இறங்கும் வரை ‘எரிகிறது’ என்றே கணக்கு. எழுதியது பொய்யில்லை, உங்களுக்குப் பயனில்லை, அவ்வளவுதான். நல்ல தயாரிப்பாளர்கள் நேரம் போகப் போக ஒளி எப்படிக் குறைகிறது என்று வரைபடம் தருவார்கள். அதைக் கேளுங்கள்.

மூன்றாவது, சூடு. காற்று படாமல் சிக்னலில் நின்றால் விளக்கு சூடேறித் தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் பழைய நிலைக்கு வந்தால் அது பாதுகாப்பு ஏற்பாடு, பழுதில்லை.

7. ஏற்கெனவே நல்ல டார்ச் லைட் இருக்கு. அதையே ஹேண்டில்ல கட்டிக்கக் கூடாதா?

அவசரத்துக்குக் கட்டலாம். தினமும் என்றால் வேண்டாம். டார்ச் வயலில் தூரத்தைப் பார்க்கச் செய்தது. நடுவில் கூரான ஒரு வட்டம், சுற்றி மங்கல். அந்த வட்டம் சக்கரத்தின் குலுக்கலோடு குதித்துக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் ஒளி கசியாது என்பதால் முச்சந்தியில் குறுக்கே வருகிறவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

போன் டார்ச்சுக்கு ஒளியைக் குவிக்கும் கண்ணாடியே கிடையாது. முன்சக்கரத்தைத் தாண்டி இரண்டு மூன்று மீட்டர் தெரியும். நான்காம் பதிலில் உள்ள தூரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

8. எங்க மாட்டுனா நல்லது? ஹேண்டில்லயா, போர்க்லயா, ஹெல்மெட்லயா?

பள்ளம் நமக்குப் பள்ளமாகத் தெரிவது நிழலால்தான். விளக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நீளமாகப் பள்ளத்துக்குள் நிழல் விழும். சின்ன ஜல்லிக்கல் கூட வாலோடு தெரியும். விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் வர வர நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், சாலை தட்டையாகத் தெரியும். நெற்றியில் மாட்டும் விளக்கை மட்டும் நம்பிப் போகிறவர் பள்ளத்தில் இறங்கிய பிறகுதான் அது பள்ளம் என்று அறிவார்.

அதனால் போர்க்கின் தலைப்பகுதி, அதாவது மட்கார்டு திருகு இருக்கும் இடம், மிக நல்ல இடம். அடுத்தது ஹேண்டில்பார். பழைய கம்பி பிரேக் சைக்கிள்களில் தலைக்குழாய்க்கு முன்னால் தகட்டில் ஒரு லேம்ப் பிராக்கெட் இருக்கும். அதைக் கழற்றிப் போடாதீர்கள், இதற்காகவே வைத்தது. போர்க்கின் ஒரு காலில் கீழே மாட்டினால் சக்கரத்தின் நிழல் சாலையின் ஒரு பக்கத்தை மறைக்கும். ஹெல்மெட் விளக்கை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். திருப்பத்தில் தலையைத் திருப்பிய பக்கம் ஒளி வரும், இருட்டில் செயின் மாட்டவும் உதவும்.

9. பொண்ணோட சைக்கிள்ல முன்னாடி கூடை இருக்கு. லைட்டு போட்டா கூடைக் கம்பியிலதான் அடிக்குது. என்ன பண்ண?

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிள்களைப் பற்றி இந்தக் கேள்வி அதிகம் வரும். ஹேண்டில்பாரில் மாட்டினால் கூடையின் கம்பிகள் பளீரென்று மின்னிப் பிள்ளையின் கண்ணையே கூச வைக்கும். புத்தகப் பை வைத்தால் ஒளி மொத்தமும் போயிற்று. இரண்டு வழி உண்டு. மேலே சொன்ன மட்கார்டு திருகில், சைக்கிள் கடையில் கிடைக்கும் ‘எல்’ தகடு ஒன்றைப் பிடித்து, விளக்கைக் கூடைக்கு அடியில் கொண்டு வரலாம். அல்லது ஒரு சாண் அலுமினியக் குழாயைக் கூடையின் முன்பக்கக் கம்பியில் நான்கு கேபிள் டையால் இறுக்கிக் கட்டி, அதில் விளக்கை மாட்டலாம். கூடை ஆடினால் ஒளியும் ஆடும், எனவே கூடையின் திருகுகளை முதலில் முடுக்குங்கள்.

10. எந்த அளவுக்குச் சாய்ச்சு வைக்கணும்? கண்ணளவுல வெச்சா தப்பாயிடுது.

சுவர் ஒன்று போதும். சமதளத்தில், விளக்கின் முகம் சுவரிலிருந்து 5 மீட்டரில் இருக்கும்படி சைக்கிளை நிமிர்த்திப் பிடியுங்கள். தரையிலிருந்து விளக்கின் நடுப்பகுதி வரை உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

வட்டமாக ஒளி வீசும் விளக்கு என்றால், ஒளியின் பளிச்சென்ற நடுப்புள்ளி அந்தக் கோட்டின் பாதி உயரத்தில் விழ வேண்டும். விளக்கு 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுவரில் 50 சென்டிமீட்டர். அப்போது நடுப்புள்ளி சாலையில் 10 மீட்டரில் விழும். வேகமாக ஓட்டுகிறவர் 65 சென்டிமீட்டர் வரை ஏற்றலாம், 14 மீட்டர் வரை போகும். அதற்கு மேல் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். மேல்விளிம்பு வெட்டின விளக்கு என்றால், அந்த விளிம்பு கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். அது 50 மீட்டர் வரை எட்டும்.

சரி செய்யும்போது டயரில் காற்று முழுதாக இருக்கட்டும், வழக்கமாக ஏற்றும் சுமையும் கேரியரில் இருக்கட்டும். பால் கேன் பாரத்தில் பின்டயர் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்கினாலே 10 மீட்டர் தூரத்தில் ஒளி 9 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். நிறையப் பேர் செய்யும் தவறு ஒன்று: முன்சக்கரத்துக்கு அருகில் பளிச்சென்று தெரிந்தால்தான் திருப்தி என்று விளக்கைத் தாழ்த்திவிடுவது. பக்கத்தில் அத்தனை வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கிவிடும். அதற்கப்பால் 20 மீட்டரில் நிற்கும் மாடு இன்னும் இருட்டாகிவிடும்.

11. எதிர்ல வர்ற வண்டி ஹை பீம் போட்டா ஒண்ணுமே தெரியல. நம்ம லைட்டைப் பெருசாக்குனா சரியாகுமா?

ஆகாது. கார் விளக்கோடு சைக்கிள் விளக்கு போட்டி போட முடியாது. விளக்கை மேலே தூக்கிப் பதிலுக்கு அடிப்பதும் வேண்டாம். கண் கூசிய ஓட்டுநர் நேராக வருவது உங்கள் மேல்தான். பார்வையைச் சாலையின் இடது ஓரத்துக்கு, ஓரக்கோடு இருந்தால் அதன் மேல் கொண்டுபோங்கள். ஒரு கண்ணைப் பாதி மூடிக்கொண்டால் வண்டி கடந்ததும் அந்தக் கண்ணுக்கு உடனே வழி தெரியும். வேகத்தை நடை அளவுக்குக் குறையுங்கள். கண் முழுதாக இருட்டுக்குப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், கடந்த உடனே பழைய வேகத்துக்குப் போகாதீர்கள்.

12. பிளிங்க் மோடுல ஓட்டலாமா? பேட்டரி மிச்சமாகுமே.

பகலிலும் அந்தி மயங்கும் நேரத்திலும் நல்லது, கவனத்தை இழுக்கும். இருட்டில் வேண்டாம். விட்டுவிட்டு எரியும் ஒளியைப் பார்க்கிறவருக்கு நீங்கள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறீர்கள் என்று மதிப்பிடக் கடினம். உங்களுக்கோ, ஒவ்வோர் அணைப்பிலும் சாலை மறைந்து மறைந்து வரும். பேட்டரி மிச்சமாக வேண்டுமென்றால் ‘லோ’ மோடில் நிலையாக எரிய விடுங்கள். ஜெர்மனியில் சைக்கிளின் முன்விளக்கு மினுக்குவதற்கே அனுமதி இல்லை.

13. வெள்ளை லைட்டு வாங்கவா, மஞ்சள் வாங்கவா?

பெட்டியில் 6500 கே (கெல்வின், ஒளியின் நிற அளவு) என்று இருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 4000 முதல் 5000 வரை என்றால் இதமான வெள்ளை, 3000 என்றால் மஞ்சள். செம்மண் சாலையிலும் மழை நனைந்த தாரிலும் இதமான வெள்ளையில் மேடுபள்ளம் பிரிந்து தெரியும். நீலவெள்ளை ஈரச் சாலையில் பட்டுச் சிதறும். ஒரே விலைக்கு இரண்டும் கிடைத்தால் 5000-க்குக் கீழே உள்ளதை எடுங்கள்.

மார்கழிப் பனியிலும் போகி அதிகாலைப் புகையிலும் நிறத்தைவிட இடமும் சாய்வும்தான் முக்கியம். ஒளி கண்ணுக்கு அருகிலிருந்து கிளம்பினால் பனித்துளி அதை நேராகக் கண்ணுக்கே திருப்பி அனுப்பி, முன்னால் வெள்ளைத் திரை கட்டிவிடும். தாழ்வாக மாட்டிய விளக்கை இன்னும் சற்றுத் தாழ்த்தி, மோடையும் ஒரு படி குறையுங்கள். ஹெல்மெட் விளக்கை அணைத்துவிடுங்கள்.

14. மழையில நனைஞ்சா கெட்டுடுமா? ஐ.பி.எக்ஸ்.4, 7ன்னு ஏதோ போட்டிருக்கே.

ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். 5-உம் 6-உம் குழாய்ப் பீச்சலைத் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். 7 இருந்தால் 5-உம் 6-உம் தானாகவே உண்டு என்று அர்த்தமில்லை, இரண்டும் வெவ்வேறு சோதனைகள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் தினமும் ஓட்டுகிறவருக்கு 5 அல்லது 6 நல்லது. மற்றவர்களுக்கு 4 போதும்.

எந்த எண்ணாக இருந்தாலும் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக அழுந்தியிருந்தால்தான் அது செல்லும். பெரும்பாலான விளக்குகள் சாவது அந்த மூடியால்தான். நனைந்து வந்த அன்று சார்ஜ் போடாதீர்கள். துளையில் ஈரம் இருக்கும்போது மின்சாரம் ஏறினால் உள்ளே உள்ள ஊசிகள் பச்சையாகக் களிம்பேறிவிடும். துடைத்து, மூடியைத் திறந்து, விசிறிக் காற்றில் ஓர் இரவு வையுங்கள். வெயிலில் காயப் போட வேண்டாம், லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது.

15. லைட்டுல டைப்-சி இருக்கு. ஆனா என் புது போன் சார்ஜர்ல சார்ஜே ஏற மாட்டேங்குது.

இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளைப் போட்டிருப்பீர்கள். மறுமுனையில் இருக்கும் கருவிக்குள் 5.1 கிலோ-ஓம் ரெசிஸ்டர் இருப்பதைக் கண்டால்தான் அந்தச் சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். மலிவு விளக்குகளில் சில ரூபாயை மிச்சம் பிடிக்க அதை வைப்பதில்லை. பழைய அகல முனை உள்ள சார்ஜரும், ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் டைப்-சியுமான கேபிளும் போடுங்கள், ஏறும்.

16. ரோடு மோசம். போகப் போக லைட்டு தலை கவிழ்ந்துடுது.

ரப்பர் பட்டையால் மாட்டும் விளக்குகளில் இது சகஜம். ஹேண்டில்பாரின் தடிமன் 22.2, 25.4, 31.8 மில்லிமீட்டர் என்று பல வகையாக வருகிறது. பெரிய பாருக்கான கிளாம்பு சின்ன பாரில் சுழலத்தான் செய்யும். பஞ்சர் கடையில் பழைய டியூப் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, பாரில் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் கிளாம்பை முடுக்குங்கள். குலுக்கலையும் அது வாங்கிக்கொள்ளும். 150 கிராமுக்கு மேல் உள்ள விளக்குக்குத் திருகு வைத்த கிளாம்புதான் சரி.

17. வெளியில நிறுத்தினா லைட்டைத் திருடிடுவாங்களே?

ஆம். ஒரு விரலால் கழற்றும் வகையை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது முடியாதவர்களுக்கு அடுத்த பதில்.

18. வீட்ல பழைய டைனமோ கிடக்கு. மறுபடி மாட்டலாமா?

தாராளமாக. சார்ஜ் மறக்கும் கவலை இல்லை, திருகிப் பூட்டியது என்பதால் திருட்டுப் பயமும் குறைவு. டயரில் உரசும் டைனமோ 6 வோல்ட், 3 வாட் தரும். அதில் முன்பல்பு 2.4 வாட், பின்பல்பு 0.6 வாட் என்று பங்கு. பின்பல்பு போடப் போவதில்லை என்றால் முன்னால் 3 வாட் பல்பு போடுங்கள். பின்பல்பு பியூஸ் போனால் அதன் பங்கு மின்சாரமும் முன்பல்புக்கே வரும். இறக்கத்தில் வேகமெடுத்ததும் அதுவும் போய்விடும். ‘அடிக்கடி பல்பு போகுது’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது பின்விளக்கை.

மாட்டும்போது டைனமோவின் அச்சுக்கோட்டை நீட்டினால் அது சக்கரத்தின் நடு அச்சைத் தொட வேண்டும். கோணலாக இருந்தால் டயரின் பக்கச் சுவரை அறுக்கும், ஓட்டவும் கனக்கும். விளக்கே எரியவில்லை என்றால் பத்தில் எட்டு தடவை எர்த் கோளாறுதான். டைனமோவிலிருந்து ஒற்றை வயர்தான் போகிறது; திரும்பும் வழி சைக்கிளின் இரும்பே. கிளாம்பில் இருக்கும் கூர்நுனித் திருகு பெயின்ட்டைத் துளைத்து இரும்பைத் தொட வேண்டும். துரு பிடித்திருந்தால் உப்புக் காகிதத்தால் தேய்த்து மறுபடி முடுக்குங்கள். மழையில் உருளை வழுக்கி விளக்கு மங்கும், நின்றால் அணைந்துவிடும். இந்த இரண்டு குறைக்காகவும் பேட்டரியில் ஒரு சின்ன விளக்கு கூட இருக்கட்டும்.

19. அதே டைனமோல எல்.இ.டி. பல்பு போட்டா?

நேராகப் போடக் கூடாது. டைனமோ தருவது ஏ.சி., எல்.இ.டி.க்கு வேண்டியது டி.சி. நான்கு டயோடு சேர்ந்த பிரிட்ஜும், வேகமெடுக்கும்போது ஏறும் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டும் நடுவில் வேண்டும். டைனமோவுக்கென்றே செய்த எல்.இ.டி. விளக்கில் இவை உள்ளேயே இருக்கும். நல்லவற்றில் கெப்பாசிட்டர் ஒன்றும் இருப்பதால் சிக்னலில் நின்ற பிறகும் சில நிமிடம் எரியும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் டைனமோ மழைக்கு வழுக்காது, சத்தமும் இல்லை. ஆனால் சக்கரத்தைப் பிரித்து ஸ்போக்ஸ் கட்ட வேண்டும். இரவில் அதிகம் ஓட்டுகிறவருக்கு அந்தச் செலவு தகும்.

20. ராத்திரி முழுக்க ஓட்டணும், 300 கிலோமீட்டர் பிரேவே. எத்தனை லைட்டு?

பிரேவே என்பது கெடு வைத்து ஓட்டும் நெடுந்தூரச் சைக்கிள் பயணம். 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம், 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்பது பிரேவே கெடு. எப்படிப் பார்த்தாலும் இருட்டில் ஓட்டித்தான் ஆக வேண்டும். முன்விளக்கும் பின்விளக்கும் ஒளிரும் ஜாக்கெட்டும் இல்லாமல் விட மாட்டார்கள். பெரிய விளக்கு ஒன்றைவிட நடுத்தர விளக்கு இரண்டு நல்லது. ஒன்று செத்தாலும் நடுக்காட்டில் நிற்க மாட்டீர்கள்.

கணக்கு ஐந்தாம் பதிலில் உள்ளதுதான். மாலை 6.30-லிருந்து காலை 5.30 வரை 11 மணி நேரம். நல்ல செல் ஒன்று 200 லூமனில் ஐந்து, ஆறு மணி நேரம் தரும், ஆக முழு இரவுக்கு இரண்டு விளக்கு. இறக்கத்தில் மட்டும் ‘ஹை’க்கு மாற்றினால் கையிருப்பு குறையும், அதற்குப் பவர் பேங்க். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 37 வாட்-மணி. வழியில் இழப்பது போக இரண்டு தடவை சார்ஜ் ஏற்றலாம். சார்ஜ் ஏறும்போதே எரியுமா என்று வீட்டிலேயே சோதியுங்கள். வயரைச் செருகியதும் அணைந்துவிடும் விளக்குகளும் உண்டு.

21. கடையில நிக்குறப்பவே நல்ல லைட்டான்னு எப்படிப் பாக்குறது?

கடையின் இருட்டு மூலைக்கோ, மேசைக்கு அடியிலோ கொண்டுபோய் இரண்டு மீட்டர் தள்ளிச் சுவரில் அடியுங்கள். நடுவில் கறுப்புக் குழியோ, வெங்காய வளையம் போன்ற வட்டங்களோ இருந்தால் சாலையிலும் அவை அப்படியே விழும். ஒளி அகலமாக, மேலே சட்டென்று முடிந்தால் நல்லது. ‘ஹை’யில் ஐந்து நிமிடம் எரிய விட்டுத் தொட்டுப் பாருங்கள். உடம்பு நன்றாகச் சூடாகியிருந்தால் உள்ளே எல்.இ.டி.யின் வெப்பம் வெளியே வருகிறது என்று பொருள். ஒளி பிரகாசமாக இருந்தும் உடம்பு ஜில்லென்று இருந்தால் வெப்பம் உள்ளேயே அடைந்து எல்.இ.டி.யைத் தின்னும்.

காதருகே வைத்துக் குலுக்குங்கள், எதுவும் கடகடக்கக் கூடாது. பக்கவாட்டில் ஒளி கசியும் சன்னல் இருக்கிறதா, சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்ன விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஹை’யிலிருந்து அடுத்த அழுத்தத்தில் அணைந்துபோகும் பொத்தான் ஆபத்து. ஓட்டும்போது மோடு மாற்றப் போய் நடு இருட்டில் விளக்கை அணைத்துவிடுவீர்கள். அணைக்க அழுத்திப் பிடிக்க வேண்டிய வகையை எடுங்கள்.

22. பழைய லைட்டோட பேட்டரி உப்பிப் போச்சு. அமுக்கி மூடிப் பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. உப்பிய செல்லுக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. அமுக்கினாலும் குத்தினாலும் தீப்பிடிக்கும். இனி சார்ஜ் போடாதீர்கள். துணி, காகிதம் இல்லாத இடத்தில், மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையோடு போட்டால், குப்பை லாரி அழுத்தும்போது தூய்மைப் பணியாளருக்கு முன்னால் அது வெடிக்கும்.